ஒரகடத்தில் யாரும் பார்க்காத ஒரு பக்கம்

விதி ஏழு, உட்பிரிவு (இ) இப்படிச் சொல்கிறது: "எந்தவொரு பழைய வசதியையும் நீக்குமுன் அடுத்தடுத்த இரண்டு வெளியீடுகளில் முன்னறிவிப்புத் தரப்பட வேண்டும். பயன்பாட்டுக் கணக்கு தொடர்ந்து தொண்ணூறு நாட்கள் பூஜ்ஜியமாக இருக்க வேண்டும். பயனர் எவரேனும் இருப்பதாகத் தெரியவந்தால் அவருக்கு எழுதி, அவரிடமிருந்து பதில் பெற்ற பிறகே நீக்கலாம்."

நல்ல விதி. எழுதியவன் நான் என்பதால் சொல்லவில்லை. சரி, அதனாலும்தான் சொல்கிறேன்.

அரசு அலுவலகம் ஒன்றில் முப்பத்து நான்கு ஆண்டுகள் இருந்தேன். காலாவதியான படிவங்களைக் கண்டுபிடித்து ஒழிப்பது என் பிரிவின் வேலை. ஒரு படிவத்தை ஒழிக்க மூன்று படிவங்கள் நிரப்ப வேண்டும். அந்த மூன்றையும் ஒழிக்க நான் எழுதிய குறிப்பு நான் ஓய்வு பெற்ற நாளில் பரிசீலனையில் இருந்தது. இப்போதும் இருக்கும்.

ஓய்வுக்குப் பிறகு கும்பகோணத்தில் சும்மா இருக்க முடியாமல் ஒரு திறந்தமூல மென்பொருளுக்கு உதவிப் பக்கங்களைத் தமிழில் எழுதிக் கொடுக்கத் தொடங்கினேன். திறந்தமூலம் என்றால் யார் வேண்டுமானாலும் எடுக்கலாம், திருத்தலாம், காசு கிடையாது. செய்பவர்களுக்கும் கிடையாது. தொழிற்சாலைப் பேருந்துகளுக்குப் பட்டியல் போடும் மென்பொருள் அது: எந்த ஷிப்டில் யார், எந்த வண்டி, எந்த நிறுத்தம், எத்தனை மணி. ஒப்பந்தக்காரர்களும் விடுதிக்காரர்களும் எங்கள் சர்வரிலேயே பதிந்து பயன்படுத்துகிறார்கள். உள்ளே போய்ப் பார்த்தபோது அங்கே விதி என்று ஒன்றுகூட இல்லை. நான் பதினொன்று எழுதிக் கொடுத்தேன். என்னைக் குழுவில் சேர்த்துக்கொண்டார்கள். பயந்துபோய்ச் சேர்த்துக்கொண்டார்கள் என்று என் மனைவி சொல்கிறாள்.

மென்பொருளின் பராமரிப்பாளர் கவிதா. கோயம்புத்தூரில் வேறொரு கம்பெனியில் முழுநேர வேலை, வீட்டில் இரண்டு குழந்தைகள், மீதி நேரத்தில் இது. அவருடைய தலைவலிக்குப் பெயர் 'எளிய பக்கம்'. மென்பொருள் பிறந்தபோது எழுதியது: வெள்ளைத் திரையில் கறுப்பு எழுத்தில் வண்டிப் பட்டியல். படம் இல்லை, வரைபடம் இல்லை. பிறகு வந்த புதிய பக்கத்தில் வண்டி ஒரு பொம்மையாக வரைபடத்தில் நகர்ந்துபோகும். ஆனால் பழையது தனி நிரலில் ஓடுவதால் எந்தப் பாதுகாப்புத் திருத்தத்தையும் கவிதா இரண்டு முறை செய்ய வேண்டியிருந்தது. போன வருடம் அதில் ஓர் ஓட்டை தெரியவந்தபோது, மகனுக்குக் காய்ச்சல் என்று ஆஸ்பத்திரி வராந்தாவில் உட்கார்ந்து அதை அடைத்தார். "அடுத்த ஓட்டைக்கு நான் இருக்க மாட்டேன் சார். ஒண்ணு அது போகணும், இல்லைன்னா நான் போறேன்" என்றார். கோபமாகச் சொல்லியிருந்தால் எனக்கு வருத்தம் குறைவாக இருந்திருக்கும். களைப்பாகச் சொன்னார்.

நடைமுறைப்படி எல்லாம் செய்தோம். இரண்டு முன்னறிவிப்புகள் கொடுத்தோம். தொண்ணூறு நாள் கணக்கைப் பார்த்தோம், பூஜ்ஜியம். பயன்பாட்டுக் கணக்கின் கோடு தரையோடு தரையாகப் படுத்திருந்தது. இன்னும் நிச்சயப்படுத்திக்கொள்ள, ஒரு சனிக்கிழமை மாலை நாலு மணியிலிருந்து ஒரு நாள் அந்தப் பக்கத்தை மறைத்து வைத்தோம். எங்கள் ஆட்களுக்குச் சனிக்கிழமைதான் ஓய்வு என்பதால் எங்கள் நல்லது கெட்டது எல்லாம் சனிக்கிழமையில்தான் நடக்கும்.

ஞாயிறு காலை ஒரு மின்னஞ்சல் வந்தது: "பஸ் பேஜ் வரல. பென்னலூர் ஹாஸ்டல்."

அவ்வளவுதான். பெயர் இல்லை, தொலைபேசி எண் இல்லை. ஆனாலும் பயனர் ஒருவர் தெரியவந்துவிட்டார். பக்கத்தைத் திரும்பத் திறந்துவிட்டு, "எளிய பக்கம் நீக்கம் – பயனர் கருத்து கோருதல் – தொடர்பாக" என்று பொருள் போட்டு எழுதினேன். பதில் இல்லை. நினைவூட்டு ஒன்று அனுப்பினேன். அதற்கும் இல்லை. குழுவில் ஒருவர், மௌனம் சம்மதம்தானே என்றார். எந்த விதியில் அப்படி இருக்கிறது என்று கேட்டேன். நேரில் போய் விசாரிப்பது என்று நானே முடிவு செய்து நானே ஒப்புதல் அளித்தேன். பென்னலூர், சென்னைக்கு அருகே ஒரகடம் தொழிற்பேட்டைக்குப் பக்கத்தில் இருக்கிறது.

முதல் நாள். தாம்பரத்தில் இறங்கி, பேருந்தில் படப்பை வந்து, அங்கிருந்து ஷேர் ஆட்டோ. பின்னால் நால்வர் உட்காரும் இடத்தில் ஆறு பேர். ஓட்டுநரின் இடப்பக்கம் ஒரு பையன் பாதி உடம்போடு. வலப்பக்கம் நான் பாதி உடம்போடு. வழியெல்லாம் மனை விற்கும் பலகைகள். எங்கள் ஊரில் கோயிலுக்குப் பக்கத்தில் என்று விற்பார்கள், இங்கே எந்தக் கம்பெனி கேட்டுக்கு எத்தனை நிமிடம் என்று விற்கிறார்கள்.

"ஒரகடத்துல எந்த கேட்டு சார்?" என்றார் ஓட்டுநர்.

"கேட் இல்லை, ஊர்."

"ஊரா? ஊரு எங்க கீது? எல்லாம் கேட்டுதான். ஒண்ணாம் நம்பர் கேட்டா, ரெண்டா, லாரி கேட்டா?"

"லாட்ஜ்."

"அத மொதல்லயே சொல்றதுக்கு இன்னா? தாண்டி வந்துகினோம் பாரு." அவர் நிறுத்திய இடத்திலிருந்து ஒன்றரை கிலோமீட்டர் திரும்பி நடந்தேன். சாலையின் இரு பக்கமும் புதுக் கார்களை அடுக்கிய லாரிகள் நின்றன. நெகிழித்தாள் கூடப் பிரிக்காத கார்கள். என் வாழ்நாளில் இவ்வளவு கார்களுக்கு நடுவே இவ்வளவு தூரம் நடந்ததில்லை.

வழியில் "கும்பகோணம் டிகிரி காபி" என்று மூன்று கடைகள். கும்பகோணத்தில் நாங்கள் காபி என்று மட்டும் சொல்கிறோம். ஒன்றில் குடித்தேன். பித்தளை டம்ளர் மட்டும் சொந்த ஊர்.

சாயங்காலம் சாப்பிட்ட மெஸ் சங்கரன்கோவில்காரருடையது. மதியச் சாப்பாடு காலை பதினொன்றுக்கே உண்டு, சாயங்காலம் ஐந்துக்கும் உண்டு. "ஷிப்டுக்குத் தக்கன வயிறு பசிக்கும் சார்" என்றார். சாம்பாரில் தேங்காய் அரைத்துவிட்டிருந்தது. நன்றாக இருந்தது என்பதை எங்கள் ஊர்ச் சாம்பாருக்கு விசுவாசமாகக் கொஞ்சம் தயங்கிவிட்டே எழுதுகிறேன். பென்னலூரில் விடுதி எங்கே என்று கேட்டேன். "எந்த ஹாஸ்டல்? வீட்டுக்கு வீடு ஹாஸ்டல்தான். மாடி கட்டுனவன்லாம் வார்டனு" என்றார்.

இரண்டாம் நாள். பென்னலூரில் அவர் சொன்னது உண்மை என்று தெரிந்தது. பாதி வீடுகளில் மேல்மாடி புதிது. கொடியில் ஒரே நீலத்தில் வரிசையாகச் சீருடைகள். பலகை வைத்த விடுதி ஒன்றுகூட இல்லை. நாலு வீட்டில் கேட்டேன். ஒரு வீட்டில் என்னைப் பெண்ணுக்கு அறை பார்க்க வந்த தகப்பன் என்று நினைத்து, தண்ணீர் வசதி, பூட்டு வசதி எல்லாம் சொல்லி முன்பணம் கேட்டார்கள். வெயில் ஏறியது. மதியம் ஒரு மணிக்கு, ஒரகடம் திரும்பிச் சாப்பிடலாம் என்று சாலைக்கு வந்தேன்.

வெள்ளைப் பேருந்து ஒன்று நின்றது. கண்ணாடியில் ஒட்டிய தாளில் '14 – ஒரகடம்' என்று இருந்தது. ஏறினேன். வண்டி முழுக்க நீலச் சீருடைப் பெண்கள். பின்னால் யாரோ சிரிப்பை அடக்க முயன்று தோற்றார்கள்.

"இன்னா பெர்சு, இது கம்பெனி வண்டி" என்றார் ஓட்டுநர், கண்ணாடியில் பார்த்து.

"ஒரகடம் என்று போட்டிருக்கிறதே?"

"போட்டுகீது. உனக்கா போட்டுகீது?"

"நிறுத்துங்கள், இறங்கிக்கொள்கிறேன்."

"நடுவுல நிறுத்துனா ரிப்போர்ட் பூடும். ஜிபிஎஸ் கீது. கேட்டுலதான் நிக்கும், குந்து."

உட்கார இடம் கொடுத்தது ஜன்னலோரப் பெண் ஒருத்தி. இருபத்தைந்து வயதுக்குள் இருக்கும். "இப்படி வாங்க தாத்தா. எங்க போவணும் ஒங்களுக்கு?" என்றாள். பேச்சில் திருநெல்வேலிப் பக்கம் தெரிந்தது. பெயர் இசக்கி. அவள் கையில் பொத்தான் வைத்த பழைய மாதிரிச் சிறு போன் இருந்தது. பார்க்கக் கூடாது என்று நினைத்துக்கொண்டே அதன் திரையைப் பார்த்தேன். வெள்ளையில் கறுப்பு எழுத்து. வண்டி எண், நிறுத்தம், நேரம்.

யாரும் பார்க்காத அந்தப் பக்கம் என் முழங்கையிலிருந்து ஒரு சாண் தூரத்தில் இருந்தது.

"இது என்னம்மா?"

"பஸ்சு லிஸ்ட்டு. டூட்டி முடிஞ்சு எந்த வண்டின்னு இதுலதான் பாப்போம்."

"பெரிய போனில் பார்க்க மாட்டீர்களா? அதில் வண்டி நகர்வதுகூடத் தெரியுமே?"

"பெரிய போனு ஹாஸ்டல்ல கெடக்கு" என்றாள். பக்கத்தில் இருந்தவள், "தாத்தா கேமரா போன உள்ள கொண்டுபோயிப் பாக்கட்டும், அப்பத் தெரியும்" என்றாள். மறுபடியும் சிரிப்பு.

தெரிந்தது. தொழிற்சாலை வாசலில் அவர்கள் எல்லோரும் வரிசையாகச் சிறு போனைத் தூக்கிக் காட்டிவிட்டு உள்ளே போனார்கள். கேமரா உள்ள எதுவும் கேட்டைத் தாண்டக் கூடாது. ஆகவே இந்தப் பகுதியில் பாதிப் பேருக்கு இரண்டு போன்: அறையில் ஒன்று, வேலைக்கு ஒன்று. வேலைக்கான போனில் எங்கள் புதிய பக்கம் திறக்காது. எளிய பக்கம் மட்டும் திறக்கும். உள்ளே போகுமுன் இசக்கி விடுதியின் அடையாளம் சொன்னாள்: தண்ணீர்த் தொட்டிக்குப் பின்னால், பச்சை கேட். "காலையில வாங்க. மதியத்துக்கு மேல நாங்க இருக்க மாட்டோம்."

காவலாளி என்னைத் தனியாக நிறுத்தினார். வருகைப் பதிவேட்டை நீட்டினார். பெயர், முகவரி, யாரைப் பார்க்க, காரணம், வந்த நேரம், போன நேரம், கையொப்பம். கோடுகள் நேராக, பக்கங்களுக்கு எண் போட்டு, அழகான பதிவேடு. காரணம் என்ற இடத்தில் 'தவறான பேருந்தில் ஏறியது' என்று எழுதினேன்.

"அப்டிலாம் எய்தக் கூடாது சார். அபிஷியல்னு போடு."

"அது உண்மையில்லையே?"

"உண்மைக்குக் காலமே இல்ல சார் இதுல" என்றார், அந்தப் பத்தியில் விரலை வைத்து. 'அபிஷியல்' என்று எழுதினேன். யோசித்துப் பார்த்தால் அதுவும் உண்மைதான்.

வெளியே மர நிழலில் நின்று கவிதாவுக்குப் போன் செய்தேன். தேநீர் இடைவேளையில் இருந்தார். "அம்மா, நம்முடைய பயன்பாட்டுக் கணக்கு எப்படி எடுக்கப்படுகிறது?" என்றேன்.

"அந்தப் பக்கத்துக்குள்ள ஸ்கிரிப்ட்டுனு ஒரு குட்டி நிரல் இருக்குங்க சார். பக்கம் திறந்ததும் அது ஓடி, ஒண்ணு கூட்டிக்கும்."

"பொத்தான் போனில் அது ஓடுமா?"

டம்ளரை மேசையில் வைக்கும் சத்தம் கேட்டது. பிறகு, "ஓடாதுங்க சார்" என்றார். தொடர்ந்து, "எளிய பக்கமே ஸ்கிரிப்ட் ஓடாத போனுக்காகத்தானே சார் எழுதினது."

"முன்னறிவிப்பு?"

"அதுவும்... ஸ்கிரிப்ட்தானுங்க சார்."

ஸ்கிரிப்ட் இல்லாதவர்களுக்கான பக்கத்தில் ஆள் நடமாட்டத்தை ஸ்கிரிப்ட் வைத்து எண்ணியிருந்தோம். அவர்களுக்கு அறிவிப்பையும் அதிலேயே ஒட்டியிருந்தோம். ஆட்சேபணை தெரிவிக்க நாங்கள் வைத்த இடமோ ஆங்கிலத்தில் கணக்குத் தொடங்கிக் கடவுச்சொல் போட்டு நுழையும் இடம். இருட்டறையில் இருப்பவர்கள் கையைத் தூக்குங்கள் என்று சைகையில் கேட்டுவிட்டு, யாரும் தூக்கவில்லை என்று குறித்துக்கொண்ட மாதிரி. இத்தனைக்கும் ஒவ்வொரு படியிலும் என் கையொப்பம் இருக்கிறது. அலுவலகத்தில் இருந்திருந்தால் இந்தக் கோப்பைத் தணிக்கைக்கு எடுத்துக்காட்டாக அனுப்பியிருப்பேன்.

கவிதா சர்வரின் பதிவேட்டைத் திறந்தார். போன வார வருகைகள் மட்டும் அதில் இருக்கும். ஏழு நாளுக்கு மேல் வைக்கக் கூடாது என்பது விதி நாலு, அதுவும் நான் எழுதியது. அழகான கோடு போட்ட வரைபடம் கையில் இருந்ததால் இந்தப் பதிவேட்டை யாரும் பார்த்ததில்லை. "சார்... ஷிப்ட் முடியுற நேரமெல்லாம் வரிசையா இருக்குங்க" என்றார். குரல் இறங்கியிருந்தது.

திரும்பும் ஷேர் ஆட்டோவில் யாரோ ஒருவரின் ஹெல்மெட்டை மடியில் வைத்துக்கொண்டு வந்தேன். ஹெல்மெட்டின் சொந்தக்காரர் எங்கே உட்கார்ந்திருந்தார் என்று கடைசி வரை தெரியவில்லை.

மூன்றாம் நாள். பச்சை கேட் விடுதியில் கீழே வார்டன் அம்மாவின் வீடு, மேலே அறைகள். வார்டன் அம்மா பென்னலூரிலேயே பிறந்து வளர்ந்தவர். நிலம் இருந்த இடத்தில் இப்போது மாடி. பார்வையாளர் நாற்காலி ஒன்றே ஒன்று. அதில் என்னை உட்காரவைத்து, இசக்கியும் இன்னும் நாலைந்து பேரும் படிக்கட்டில் உட்கார்ந்தார்கள். சூடாக இட்லியும், பூண்டு போட்ட சட்னியும் வந்தன. பூண்டை நான் தொடுவதில்லை. அன்று தொட்டேன்.

"மின்னஞ்சல் அனுப்பியது யார்?"

"நாந்தான்" என்றாள் இசக்கி. "ஞாயித்துக்கெழம ஆபீஸ் ரூம் கம்ப்யூட்டர்ல இருந்து."

"நான் இரண்டு முறை பதில் எழுதினேனே?"

வார்டன் அம்மா இடைமறித்தார். "அது கணக்குப் புள்ள மெயிலு சார். அவன் அடுத்த வாரமே வேலைய வுட்டு பூட்டான். பாஸ்வேர்டும் அவனோட பூட்ச்சி. இப்ப அத யாரும் தொறக்கறதில்ல."

என் கடிதத்தின் பிரதி பையில் இருந்தது. படித்துக் காட்டச் சொன்னார்கள். "மேற்கண்ட பொருளின்பால் தங்கள் மேலான கவனம் ஈர்க்கப்படுகிறது..." என்று தொடங்கியதும் இசக்கி பக்கத்தில் இருந்தவளைப் பார்த்தாள். மூன்றாம் வரியில் எல்லோரும் சிரித்துவிட்டார்கள்.

"ஏட்டி, இதுக்கு நீ என்னன்னு பதிலு போட்டிருப்ப?" என்றாள் ஒருத்தி.

"கோர்ட்டுலருந்து வந்திருக்குன்னு ஊருக்கு ஓடியிருப்பேன்" என்றாள் இசக்கி.

பிறகு அந்தச் சனிக்கிழமையைச் சொன்னாள். சிரிப்பு நின்றது.

"ஓட்டி, அதான் ஓவர்டைமு, முடிஞ்சு ஆறரைக்கு வெளிய வந்தோம் தாத்தா. அன்னைக்கு வண்டி நம்பரெல்லாம் மாறிக் கெடக்கு. பக்கம் தொறக்கல. நாப்பது வெள்ள வண்டி ஒண்ணுபோல நிக்கும், பத்தே நிமிசம், எல்லாம் கெளம்பிரும். இந்த ஷிப்டுக்குப் போன மொற வந்த நம்பர்தானன்னு நான் கூப்பிட்டுட்டேன், எல்லாரும் எம்பின்னாலயே ஏறிட்டாளுவ. அது வாலாஜாபாத் வண்டி."

"டிரைவரிடம் சொல்லவில்லையா?"

"சொன்னோம். நடுவுல நிக்காதுல்லா. ஒங்களுக்கே தெரியுமே." எனக்குத் தெரியும். "வாலாஜாபாத்துல எறக்கிவிட்டுட்டான். பதினோரு பேரு. மழ வேற. ஒருத்திக்கி ஊர்லருந்து வந்து ரெண்டு நாளுதான் ஆச்சு, அழுதுகிட்டே இருந்தா. போனு பண்ணி வார்டன் அக்கா அவங்க தம்பி வேன அனுப்பிக் கூட்டிட்டு வந்தாங்க. அந்தப் பிள்ள மறுநாளே ஊருக்குப் போயிட்டா. வேலையே வேண்டாம்னு அவ அய்யா வந்து கூட்டிட்டுப் போயிட்டாரு." படிக்கட்டைப் பார்த்துக்கொண்டே, "நாந்தான் தப்பா ஏத்துனேன்" என்றாள்.

"நீ ஏற்றவில்லை அம்மா. நாங்கள் ஏற்றினோம்" என்றேன். புகார் வருகிறதா என்று பார்ப்பதற்காக வேண்டுமென்றேதான் மறைத்து வைத்தோம் என்பதையும் சொன்னேன். சொல்லாமல் திரும்பியிருக்கலாம், எந்த விதியும் என்னைக் கட்டாயப்படுத்தவில்லை. யாரும் திட்டவில்லை. ஒருத்தி மட்டும், "எங்கள்ட்ட ஒரு வார்த்த கேட்டிருக்கலாம்லா" என்றாள். முப்பத்து நான்கு ஆண்டுகளில் நான் ஒழித்த படிவங்களுக்கும் இப்படி ஒரு படிக்கட்டு எங்கேயாவது இருந்திருக்குமோ என்று அப்போதுதான் தோன்றியது. ஆட்சேபணை ஏதுமில்லை என்றுதான் எல்லாக் கோப்பிலும் எழுதினேன்.

கவிதாவை அழைத்து ஒலியைக் கூட்டி நடுவில் வைத்தேன். அவர் இசக்கியிடம் மன்னிப்புக் கேட்டார். பக்கத்தை எடுக்கவில்லை, அப்படியே இருக்கட்டும் என்றார். அந்த 'அப்படியே'யில் இருந்த களைப்பு எனக்குப் புரிந்தது. ஆஸ்பத்திரி வராந்தா கதையை நான் அவர்களுக்குச் சொன்னேன்.

"அக்கா, இதுக்கு ஒங்களுக்கு எம்புட்டு சம்பளம்?" என்றாள் இசக்கி.

"சம்பளம் எல்லாம் இல்லீங்க."

"சும்மாவா?" படிக்கட்டு முழுவதும் ஒரே குரல். வார்டன் அம்மா சட்னிக் கிண்ணத்தோடு நின்றுவிட்டார். "சும்மாவா நைட்டெல்லாம் முழிச்சிக்கினு கீது அந்தப் பொண்ணு?"

"அப்ப நீங்களும் ஓட்டிதான் பாக்கிய" என்றாள் இசக்கி. "காசு இல்லாத ஓட்டி." கவிதா அந்தப் பக்கம் சிரித்தார். பல மாதங்களுக்குப் பிறகு அவர் சிரித்துக் கேட்டேன்.

"எங்களுக்கு அந்தப் பக்கந்தான் வேணும்னு இல்லக்கா" என்றாள் இசக்கி. "நம்பரு தெரியணும். சின்ன போன்ல தெரியணும். மத்தபடி எப்படி எழுதுனா எங்களுக்கென்ன?"

கவிதாவின் பக்கம் தட்டச்சுச் சத்தம் கேட்டது. பிறகு, "பட்டியல் மாறுறப்பல்லாம் புதுப் பக்கமே ஒரு வெறுந்தாளை எழுதி வெச்சுட்டா என்னங்க? அதுல நிரலே இருக்காது; எழுத்து மட்டும்தான். ஓட்டை விழ இடமே இல்லை. பழசை நான் கட்டி இழுக்க வேண்டாம்" என்றார். படிக்கட்டில் யாருக்கும் அது புரிந்திருக்காது. ஆனால் அவர் குரலில் களைப்பு இல்லை என்பது எல்லோருக்கும் புரிந்தது.

"அது எங்க போன்ல தொறந்தா சொல்லுதோம்க்கா" என்றாள் இசக்கி. "தொறந்து, எல்லாருக்கும் பழகுன பொறவு எடுங்க."

"நீ சொல்றவரைக்கும் எடுக்க மாட்டேன்" என்றார் கவிதா.

வாக்குறுதிகளில் எனக்கு நம்பிக்கை குறைவு என்பதால் ஊர் திரும்பியதும் அதை விதியாக்கினேன். விதி ஏழு, உட்பிரிவு (ஈ): கணக்கெடுக்கும் கருவி, கணக்கெடுக்கப்படும் பக்கத்தில் வேலை செய்கிறதா என்று முதலில் பார்க்க வேண்டும். உட்பிரிவு (உ): ஒரு வசதியின் முன்னறிவிப்பை அந்த வசதி வழியாகவே, அதைப் பயன்படுத்துகிறவருக்குத் தெரியும்படி தர வேண்டும், பதில் சொல்லும் இடமும் அங்கேயே இருக்க வேண்டும். என் சொற்களில் "மேலான கவனம்" ஏதும் இல்லாமல் கவிதா பார்த்துக்கொண்டார். எளிய பக்கத்தின் தலைப்பில் எளிய எழுத்தில் நாலு வரி: இந்தப் பக்கத்தை நிறுத்தப் போகிறோம். இதற்குப் பதில் இந்த வெறுந்தாள். திறக்கிறதா? எழுதுங்கள். கீழே ஒரு சிறு கட்டம்.

ஒரு வாரம் போயிற்று. பதிவேட்டைப் பார்த்தோம். வெறுந்தாளைத் திறக்கிறார்கள், பழையதையும் திறக்கிறார்கள். கட்டம் காலி. இரண்டாம் வாரமும் காலி. குழுவில் அந்த மௌனம்-சம்மதம்காரர் மறுபடி வந்தார். அவருக்கு நான் பதில் எழுதுமுன் கவிதாவே எழுதிவிட்டார்: "அவ சொல்லலைங்க." பழைய பக்கத்துக்கு இன்னொரு பாதுகாப்புத் திருத்தம் தேவைப்பட்டது. அதையும் செய்தார், முணுமுணுக்காமல். மென்பொருளின் அடுத்த வெளியீடு தள்ளிப் போயிற்று. விடுதி எண்ணுக்குப் போன் செய்யலாமா என்று எனக்கு இரண்டு முறை கை துறுதுறுத்தது. கேட்டுவிட்டு, பதில் வருமுன் மறுபடி கேட்பது நெருக்குவதாகும் என்று அடக்கிக்கொண்டேன்.

பிறகு ஒரு நாள் காலை, எங்கள் ஊர்க் காபி கையில் இருக்கும்போது, கட்டம் நிரம்பியிருந்தது. தமிழை ஆங்கில எழுத்தில், பொத்தான் போனில் ஒவ்வோர் எழுத்தாய் அழுத்தி அடித்திருந்தாள்:

"தாத்தா, இசக்கி. கோயில் கொடைக்கு ஊருக்குப் போயிருந்தேன், அதான் லேட்டு. புதுசு எல்லார் போன்லயும் தொறக்கு. பழச எடுத்துருங்க. சனிக்கெழம மட்டும் வேண்டாம், வாராவாரம் அன்னைக்குத்தான் எங்களுக்கு ஷிப்டு மாறும், நம்பரும் மாறும். அந்த அக்காவ தூங்கச் சொல்லுங்க."

இத்தனை வருடம் எல்லாவற்றையும் சனிக்கிழமையில் செய்துவந்த குழுவுக்கு அதை அப்படியே அனுப்பினேன். ஒரு சொல்லும் சேர்க்கவில்லை. பிறகு கோப்பைத் திறந்து கடைசிப் பத்தியை நிரப்பினேன். பதில் பெறப்பட்ட நாள்: ஆகஸ்ட் பதினொன்று, திங்கட்கிழமை.